பட்டா நிலமும் பறவைகளும்

ஆப்பிரிக்க சஃபாரி என்றதும் அரசாங்கத்தின் தேசியப் பூங்காதான் நினைவுக்கு வரும். ஆனால் யானையும் மானும் பூங்கா எல்லையோடு நிற்பதில்லை, ஊர்ப் பொதுநிலத்திலும் தனியார் பண்ணையிலும் மேய்கின்றன. நமீபியாவில் விலங்குகளால் வரும் வருமானத்தில் உரிமை முதலில் தனியார் பண்ணைக்காரர்களுக்கே (பெரும்பாலும் வெள்ளையர்கள்) இருந்தது. 1996-ல் சட்டத்தைத் திருத்தி ஊர்மக்களுக்கும் அதைக் கொடுத்தார்கள். 1998-ல் முதல் ஊர்க் காப்பகங்கள் பதிவாயின.

தமிழ்நாட்டிற்கு இது புதிதல்ல. வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைச் சுடக்கூடாது என்று கேட்டு 1798-லேயே கலெக்டர் லயோனல் பிளேஸிடம் எழுத்தில் உரிமை வாங்கினார்கள். வெறும் இரக்கம் மட்டும் காரணம் இல்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம்! நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்திலும் ஊரே பறவைகளைக் காத்தது, தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது 1994-ல்தான்.

இனி நாஞ்சில் நாட்டிற்கு வருவோம். சுசீந்திரம், தேரூர் குளங்களில் கூழைக்கடா, சங்குவளை நாரை, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வாத்துகள் எல்லாம் உண்டு. (தேரூர் கவிமணி பிறந்த ஊரும்கூட.) 2015-ல் மணக்குடியையும் சேர்த்து இவை பாதுகாப்பு ஒதுக்கிடமாயின. 2022-ல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

ஆனால் பறவைகளில் பல குளத்தில் தங்கி வயலில் இரை தேடுபவை. குளம் அரசுடையது, வயலோ பட்டா நிலம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகம் நெல் விளைந்த காலத்தில், உழவு நடக்கும்போது கொக்குகள் பின்னாலேயே வரும். பறவைக்காக யாரும் நெல் நடவில்லை, நெல் இருந்ததால் பறவைக்கும் இரை கிடைத்தது. இன்று பல வயல்களில் வாழையும் தென்னையும் நிற்கின்றன, சில வீட்டுமனைகளாகிவிட்டன. குளத்துக்குத் தரும் எந்தப் பட்டமும் இதைத் தடுக்காது.

தனியார் நிலத்திற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் 2002-ல் கொண்டுவந்த திருத்தம், உரிமையாளர்கள் தாமாக முன்வந்தால் அவர்கள் நிலத்தைச் சமுதாய ஒதுக்கிடமாக அறிவிக்கலாம் என்கிறது. அறிவித்தபின் நிர்வாகக் குழுவும் மாநில அரசும் சம்மதிக்காமல் நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. ஆனால் நெல்லில் கிடைக்காத லாபத்தை ஈடுகட்ட அந்தப் பிரிவு விவசாயிக்கு எதையும் உறுதி செய்யவில்லை. நமீபியக் காப்பகத்துக்குச் சுற்றுலாப் பணம் வந்தது, வேடந்தாங்கலுக்கு உரமாவது வந்தது. தேரூர் விவசாயி எதை நம்பி முன்வருவார்?