மலைமேல் வந்த லண்டன் துப்பாக்கிகள்

மலர்க் குழுவினர் எனக்கு எழுதிய கடிதத்தில், "நம்ம பள்ளத்தாக்கு வரலாறு பற்றி ஏதாவது எழுதுங்க சார், பென்னிகுவிக் பற்றி மட்டும் வேண்டாம், ஏற்கெனவே மூணு கட்டுரை வந்தாச்சு" என்று கேட்டிருந்தார்கள். சரிதான். அதனால் யாரும் எழுதாத ஒரு சங்கதியை எடுத்துக்கொள்கிறேன். நம் கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு வருவாய்த்துறையில் சேர்ந்த எனக்கு, துப்பாக்கி லைசென்ஸ் பிரிவில் சில ஆண்டுகள் குப்பை கொட்டுகிற பாக்கியம் கிடைத்தது. புதுப்பிக்க வருகிறவர்கள் துப்பாக்கியையும் கொண்டுவந்து காட்ட வேண்டும். பெரும்பாலும் தோட்டத்துப் பன்றியை விரட்ட வைத்திருக்கிற ஒற்றைக்குழலும் ரெட்டைக்குழலும்தான். பதிவேட்டில் எஸ்.பி.பி.எல்., டி.பி.பி.எல். என்று இரண்டு எழுத்துக்கூட்டத்தில் முடிந்துபோகும். ஆனால் எப்போதாவது ஒரு நாள், மலையில் எஸ்டேட் வைத்திருந்த பழைய குடும்பம் ஒன்றிலிருந்து தோல்பெட்டியில் ஒன்று வரும். திறந்தால் ஆபீசே எழுந்து வந்து நிற்கும்.

அதுதான் பெருங்குழல் ரெட்டை ரைஃபிள். பார்க்க நம்ம ஊர் டபுள் பேரல் மாதிரியே இருக்கும். ஆனால் ரவை தெறிக்கிற துப்பாக்கி இல்லை. குழலுக்குள் புரி வெட்டி, ஒரே குண்டைச் சுழற்றி அனுப்புகிற ரைஃபிள். யானை, காட்டெருமை, புலி இவற்றுக்கென்றே செய்தது. ஏன் ரெட்டை என்றால், பாய்ந்து வருகிற யானை முன்னால் நின்றுகொண்டு போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்ற நேரம் இருக்காது. இரண்டு குழல், இரண்டு விசை, இரண்டு தனித்தனி லாக். ஒன்று கைவிட்டால் இன்னொன்று.

பெரியாறு அணை வேலை நடந்த 1887 முதல் 1895 வரையான காலத்தில் இவற்றின் பாட்டன்மார்கள்தான் புழக்கத்தில் இருந்தன. கருமருந்துத் துப்பாக்கிகள். அளவை "போர்" என்பார்கள். ஒரு ராத்தல் ஈயத்தில் எட்டு உருண்டை வார்த்தால் அதில் ஒன்று போகிற குழல் எட்டு போர். நாலு வார்த்தால் நாலு போர். நாலு போர் குண்டு ஒன்று 113 கிராம், யோசித்துப் பாருங்கள்! தோளில் வைத்துச் சுட்டவன் தோள் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். யானைகளை வகைதொகை இல்லாமல் சுடுகிறார்கள் என்றுதான் 1873-லேயே சென்னை மாகாணத்தில் காட்டுயானைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; இந்தியா முழுமைக்கும் 1879-ல் வந்தது. நம்ம மாகாணம் ஆறு வருஷம் முந்திக்கொண்டது என்பதை இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ளலாம்.

பிறகு கார்டைட் என்கிற புகையில்லா மருந்து வந்தது. 1898-ல் லண்டன் ரிக்பி கம்பெனி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவைக் கொண்டுவந்ததும் நாலு போர், எட்டு போரெல்லாம் பரணுக்குப் போய்விட்டன. ஆனால் இந்த .450-க்கு இந்தியாவில் ஆயுசு குறைவு. பழைய பட்டாள மார்ட்டினி ஹென்றி ரைஃபிளும் .450 குழல்தான். வேட்டைத் தோட்டாவின் குண்டைக் கழற்றிக் கலகக்காரர்கள் பட்டாளத் துப்பாக்கிக்குப் பயன்படுத்திவிடுவார்கள் என்று பயந்து, இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே இந்தியாவிலும் சூடானிலும் அந்த அளவைத் தடை செய்தார்கள். வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? நூலிழை மாற்றி .465, .470, .475, .476 என்று ஆளுக்கொன்று இறக்கினார்கள். ஹாலண்ட் கம்பெனிக்கு .465, ஜோசப் லாங்குக்கு .470, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸுக்கு .476. உலகம் முழுக்க வேட்டைக்காரர்கள் பெருமையாகச் சொல்கிற இத்தனை அளவுகளும் நம்ம நாட்டுக் கலகத்துக்குப் பயந்து பிறந்தவை என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு.

சரி, இதற்கு ஏன் இவ்வளவு விலை? புது ஹாலண்ட் ராயல் ரெட்டை ரைஃபிள் இன்றைக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல். பலர் அதிலுள்ள பூவேலைக்குத்தான் விலை என்று நினைக்கிறார்கள். முதல் விலை குழலுக்குத்தான். இரண்டு குழலையும் இணையாக வைத்து ஒட்டினால் குண்டுகள் ஒரே இடத்தில் போய் விழாது; சுடும்போது துப்பாக்கி உதைத்துத் திரும்புகிற திருப்பம் குண்டைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். அதனால் முனைப்பக்கம் ஒரு மயிரிழை நெருக்கி ஒட்டுவார்கள். ஒட்டிவிட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். தப்பினால் முனையில் ஈயப்பற்றை உருக்கி, இடையில் வைத்த ஆப்பைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி ஒட்டி, மறுபடி சுடுவார்கள். எந்தத் தோட்டாவுக்கு, எவ்வளவு மருந்துக்கு ஒட்டினார்களோ அதற்கு மட்டும்தான் அது சரியாகச் சுடும். வெயிலில் கார்டைட் அதிகமாகச் சீறும் என்பதால் நம்மைப் போன்ற சூட்டு நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்துப் போட்ட தோட்டாக்களே தனியாக வந்தன.

அடுத்தது செதுக்கு வேலை. ஊரில் சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அதே கைதான், ஆனால் எஃகின்மேல், பல வாரம். சின்ன உளியும் சுத்தியலும், இல்லையென்றால் உள்ளங்கையால் தள்ளுகிற கூருளி. இரும்பைக் கடினப்படுத்துகிறதுக்கு முன்னாலேயே செதுக்கிவிட வேண்டும். பிறகு எலும்புக்கரியோடு பெட்டியில் வைத்துச் சூளையில் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். அப்போதுதான் நீலமும் பழுப்பும் கலந்து மயில் கழுத்து மாதிரி ஒரு நிறம் ஏறும். பர்டி கம்பெனி என்றால் ரோஜாக் கொத்தும் மெல்லிய கொடிச்சுருளும். ஹாலண்ட் ராயல் என்றால் அகலமான, ஆழமான இலைச்சுருள். இருபதாம் நூற்றாண்டு லண்டனில் ஹாரி கெல் என்கிற செதுக்கர் பேர்போனவர்; அவரிடம் கற்ற கென் ஹன்ட் அதைவிடப் பேர்போனவர். அவர்கள் தங்கம் பதிக்கிறது இரும்பில் பள்ளம் வெட்டி, அடியை அகலப்படுத்தி, தங்கக் கம்பியை அடித்து இறக்குகிற முறை. பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும் நம்மவர்கள் செய்த கோஃப்ட்கரி வேறு. எஃகின்மேல் குறுக்கும் நெடுக்கும் கீறிச் சொரசொரப்பாக்கி அதன்மேல் தங்கக் கம்பியை அழுத்துவது. வாளுக்கும் கேடயத்துக்கும் நம்மவர்கள் காட்டிய கை எந்த லண்டன் கைக்கும் இளைத்ததில்லை.

நான் பார்த்த ஒரு .470-ல் லாக் தகட்டில் யானை செதுக்கியிருந்தது. எங்கள் ஆபீஸ் டபேதார் கூடலூர்க்காரர், காட்டோரத்தில் வளர்ந்தவர். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "என்னங்கய்யா, இது நம்ம ஆனை இல்லையே, காது முறம் மாதிரி இருக்கே!" என்றார். உண்மைதான், ஆப்பிரிக்க யானை.

இந்த ரைஃபிள்கள் இங்கே வந்த வழி பெரும்பாலும் கல்கத்தா, பம்பாய், மதராஸ் கடைகள். கல்கத்தாவில் மான்டன், ராடா; மதராஸில் மவுண்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸ். கடிகாரக் கடை என்றுதானே நமக்குத் தெரியும்! அவர்கள் பேர் பொறித்த துப்பாக்கிகளும் உண்டு. அங்கிருந்து ஹைவேவிஸ் மேகமலைக்கும், ஏலமலைக்கும், தேக்கடிக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் வேட்டைக்காட்டுக்கும் போயின. மகாராஜாவே 1934-ல் அந்தக் காட்டைச் சரணாலயமாக அறிவித்தார். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சே முடிந்தது, முடிந்ததும் நல்லதே. 2021-ல் மேகமலையே புலிகள் காப்பகமாகிவிட்டது.

ஆனால் துப்பாக்கிகள் என்ன ஆயின? இதுதான் என் மனசில் உறுத்துகிற விஷயம். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் வாரிசு லைசென்ஸ் வாங்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். தேர்தல் வந்தாலும் ஒப்படைக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுதான் வைத்துக்கொள்ளலாம், முன்பு மூன்று. சட்டத்தில் குறை சொல்ல மாட்டேன், அது தேவைதான். ஆனால் ஒரு ஸ்டேஷன் அறையில் கழுத்தில் சீட்டுக் கட்டி, ஓட்டைத் துப்பாக்கிகளோடு சாத்தி வைத்திருந்த ஒரு ரெட்டை ரைஃபிளை நான் கண்ணால் கண்டேன். கொடிச்சுருளுக்குள் துரு பூத்திருந்தது. இன்னொரு வீட்டில் பாட்டனார் துப்பாக்கி பளபளக்க வேண்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருந்தார்கள். மயில் கழுத்து நிறம் போச்சு, ரோஜாவும் போச்சு. பாதி விலை அந்த ஒரு மத்தியானத்தில் போச்சு.

கதை தெரிந்தால் விலையே வேறு. ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்கா கொண்டுபோன ஹாலண்ட் ரைஃபிள் 1994-ல் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. நம்மிடம் கதை எழுதி வைக்கிற பழக்கம் இல்லை. 1863-ல் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதச்சாலையைக் கலைத்தபோது பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றார்கள். தப்பியதில் கொஞ்சம்தான் சென்னை எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது.

ஆகவே, உங்கள் வீட்டிலோ சம்பந்தி வீட்டிலோ அப்படி ஒன்று லைசென்ஸில் இருந்தால் தயவுசெய்து தேய்க்காதீர்கள். எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். நூறு வருஷம் தாண்டிய கைவினைப் பொருளைத் தொல்பொருள் சட்டப்படி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, புரோக்கர் யாராவது வந்து ஆசை காட்டினால் இதைச் சொல்லுங்கள். குழலுக்கு அடியில் பரிசோதனை முத்திரையும் வரிசை எண்ணும் இருக்கும். ஹாலண்ட், பர்டி, ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் எல்லாரும் பழைய கணக்குப் பேரேடுகளை இன்னும் வைத்திருக்கிறார்கள். எண்ணை எழுதி, கேட்கிற கட்டணத்தைக் கட்டினால், எந்த வருஷம் யார் பேருக்குச் செய்தது என்று பதில் வரும். வந்த பதிலில் ஒரு நகலை நம் கல்லூரி வரலாற்றுத் துறைக்கும் அனுப்பி வையுங்கள்.