வேற்றூர் வேடமும் சொந்த ஊர் முகமும்

பாகான் டாலாமில் மாணவர் சிலர் சண்டைப் படமொன்றின் முன்னோட்டம் எடுக்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கதை இருக்கிறது, நடிக்கப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எந்த இடத்தில் எடுப்பது? இதற்குப் பினாங்கின் வரலாறே விடை சொல்லும்.

1992இல் வந்த ‘இந்தோசீன்’ என்ற படம் பிரெஞ்சுக்காரர் ஆண்ட வியட்நாமின் கதை. அதில் ஜார்ஜ் டவுனின் சியோங் ஃபாட் சீ மாளிகை இடம்பெற்றது. 1999இல் வந்த ‘அன்னா அண்ட் தி கிங்’ சயாம் மன்னரின் கதை. தாய்லாந்து அரசு இசைவு தராததால் படக்குழு மலேசியாவுக்கு வந்தது. பினாங்கு நகர மண்டபமும் அதில் நடித்தது! 2015இல் ஒளிபரப்பான ‘இந்தியன் சம்மர்ஸ்’ தொடரில் நம் கொடிமலை சிம்லாவாக மாறியது. 2018இல் வந்த ‘கிரேஸி ரிச் ஏசியன்ஸ்’ கதை நடப்பது சிங்கப்பூரில். மாஜோங் ஆடும் காட்சி எடுக்கப்பட்டதோ அதே மாளிகையில்.

பினாங்குக்கு ஏன் இத்தனை வேடங்கள்? பழைய முகம் அழியாமல் நின்றதே காரணம். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை உயர விடவில்லை. ஆகவே அவற்றை இடித்துப் புதிதாகக் கட்டுவது எளிதாக இல்லை. கடைவீடுகள் வரிசை வரிசையாக நின்றன. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் அச்சட்டம் நீங்கியது. வாடகை ஏறியது, பழைய குடிகள் பலர் வெளியேறினர். 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபுடைமையாக ஏற்றது. கட்டடங்களுக்குக் காவல் கிடைத்தது, போனவர்கள் போனவர்களே.

நம் தோட்டங்களுக்கு அப்படியொரு காவல் இருந்ததா? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்களில் வீடமைப்பும் தொழிற்சாலையும் எழுந்தன. லயங்கள் மறைந்தன. தோட்டத்தை விட்டு வந்த தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சஞ்சய் குமார் பெருமாள் ‘ஜகாட்’ என்ற படமாக்கினார். 2015இல் வெளிவந்த அப்படம், மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வாயிற்று. நம் வாழ்வு நம் பெயரிலேயே திரைக்கு வரலாம் என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே மாணவர்களே, துரத்தும் காட்சிக்கு நியூயார்க் போன்ற தெருவைத் தேடி அலைய வேண்டா. ஊர்ச் சந்து, கோயில் திடல், மிஞ்சியுள்ள லயத்து வாசல் போதும். ஒரு நாள் முன்பே போய், வெயில் எப்பக்கம் விழுகிறது, இரைச்சல் எவ்வளவு என்று பாருங்கள். இடத்துக்கு உரியவரிடம் அனுமதி கேளுங்கள். ரயில் பாதையும் துறைமுக வளாகமும் வேண்டவே வேண்டா. பொம்மைத் துப்பாக்கி என்றாலும் ஆசிரியர் மூலம் காவல் நிலையத்திற்குத் தெரிவித்துவிடுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளைகள் வந்து கேட்டால் பழைய இடங்களைக் காட்டுங்கள். இங்கே ஆலை இருந்தது, இங்கே பெரட்டுக் களம் இருந்தது என்று சொல்லுங்கள். சண்டைக் காட்சி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் பின்னே தெரியும் சுவரும் மரமும் நாளை இல்லாமற் போகலாம். அன்று அந்தப் படமே நம் ஊரின் ஆவணம்.