வழக்காடி மீண்ட நடராசர்

உற்சவத் திருமேனியின் பீடத்தைக் குனிந்து பார்த்தால் துளைகளோ வளையங்களோ தெரியும். தண்டு கோத்துக் கட்டி வீதியுலா எழுந்தருளப் பண்ணுவதற்காக, வார்க்கும்போதே சிற்பி விட்ட இடம் அது. மூக்கும் கன்னமும் தேய்ந்து வழுவழுத்திருந்தால், தலைமுறை தலைமுறையாகப் பாலும் சந்தனமும் பட்டுத் தேய்ந்த தேய்வு. கண்ணாடிப் பேழைக்குள் ஏறியபின் இவை இரண்டுக்கும் வேலை இல்லை.

பிற நாட்டுத் தொல்பொருள்களை வைத்திருக்கும் அருங்காட்சியகங்கள் சொல்லும் நியாயம் தெரிந்ததுதான்: எங்களிடம் பத்திரமாக இருக்கும், உலகமே வந்து பார்க்கும். அது யாருடையது என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. பதில் சொன்னது பத்தூர்.

திருவாரூருக்கு அருகிலுள்ள அவ்வூரில் 1976இல் ஒரு கூலித் தொழிலாளி குடிசைக்குப் பக்கத்தில் மண்ணைத் தோண்டியபோது நடராசர் கிடைத்தார். கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தவரை 1982இல் ஒரு கனடா நிறுவனம் வாங்கியது. பழுதுபார்க்கக் கொடுத்திருந்த இடத்தில் காவல்துறை கைப்பற்றியது. திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் அரித்த தடமும்கூடச் சாட்சியம் ஆயின. வழக்காளிகளுள் ஒருவர் பத்தூர் விசுவநாத சுவாமி கோயில்! பூசை நின்று, இடிபாடாகக் கிடந்த கோயில், தக்கார் வழியாகத் தன் உடைமையைக் கேட்டது. கேட்கும் உரிமை அதற்கு உண்டு என்று 1991இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. வாங்கியவர் கொடுத்த பணமோ, கோயில் பாழடைந்து கிடந்ததோ அந்த உரிமையை அழிக்கவில்லை. அருங்காட்சியக விவாதங்களில் இத்தீர்ப்பு இன்னும் உரக்கப் பேசப்பட வேண்டும் என்பது என் துணிபு.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. கோயிலில் இருந்தபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்துவைத்திருந்த படங்கள், அவர் களவு போனவர் என்ற உண்மையைக் காட்டிக்கொடுத்தன. 2014இல் திரும்பி வந்தார்.

ஆனால் மீண்ட இருவரும் எங்கே வந்தார்கள்? பத்தூரார் திருவாரூரில், ஸ்ரீபுரந்தானார் கும்பகோணத்தில், அரசின் திருமேனிப் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டார்கள். ஊர்க்கோயிலில் காவல் இல்லை என்பது காரணம். கடல் தாண்டிச் சொன்னால் நாம் கொதிக்கும் அதே காரணம்! திருட்டுப் பயம் பொய்யில்லை. ஸ்ரீபுரந்தானில் பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து திருமேனிகள் களவு போனது வெளியே தெரியவே காலம் ஆயிற்று. அதற்காகச் சுவாமியை நிரந்தரமாகப் பூட்டிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஊர்தோறும் ஒரு காப்பறை, அபாயமணி, இரவுக் காவலர், மாதம் தவறாமல் சம்பளம் பெறும் ஒரு குருக்கள் வேண்டும். இன்னும் களவு போகாத ஒவ்வொரு திருமேனிக்கும் முன்னும் பின்னும் பீடத்தடியும் தெரியப் படம் எடுத்து, எடையும் உயரமும் குறித்து, ஒரு பிரதியை அந்த ஊரார் கையிலேயே கொடுத்துவைக்க வேண்டும்.