ஒரு சமன் குறியும் ஒரு ஸனதும்



நம்மில் பலரது கையில் இருக்கும் அன்ட்ரொயிட் போனுக்குள் ஓடுவது லினக்ஸ் என்ற கேர்னல். பணிசெயல் முறைமையின் அடித்தளம் அதுதான். எந்தச் செய்நிரல் எதைத் தொடலாம், யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது. 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய வேலை இது. பிறகு உலகின் பல பக்கங்களிலிருந்தும் ஆட்கள் புதிய வசதிகளையும் பாதுகாப்புச் சோதனைகளையும் எழுதி அனுப்ப, அது வளர்ந்தது.

அப்படியானால் ஒரு கேள்வி வருகிறது. பாதுகாப்புச் சோதனை என்று சொல்லி ஒருவர் ஆபத்தையே அனுப்பினால்?

2003இல் அதுவும் நடந்தது.

அப்போது லினக்ஸின் மூலப் பிரதி பிட்கீப்பர் என்ற மென்பொருளில் இருந்தது. அது கட்டற்ற மென்பொருள் அல்ல என்பதால் சிலர் அதைப் பாவிக்க விரும்பவில்லை. அவர்களுக்காக சீவீஎஸ் என்ற முறையில் ஒரு நகல் வைத்திருந்தார்கள். நகலுக்கு வரும் ஒவ்வொரு மாற்றத்துடனும், மூலத்தில் அது எந்தப் பதிவிலிருந்து வந்தது என்ற குறிப்பும் வரும்.

நவம்பர் 5ஆம் திகதி, பிட்கீப்பரை உருவாக்கிய லாரி மெக்வோய் ஒன்றை அறிவித்தார். நகலில் உள்ள ஒரு மாற்றத்துக்கு அந்தக் குறிப்பு இல்லை. மூலத்தில் அப்படி ஒரு மாற்றமே இல்லை. யாரோ நகல் இருந்த சேர்வருக்குள் புகுந்து அதைச் செருகியிருக்கிறார்கள்.

மொத்தம் இரண்டே வரிகள். ஒரு செய்நிரல், தான் தொடக்கிய இன்னொன்று முடியும்வரை காத்திருக்க உதவும் பகுதியில் அவை இருந்தன. மேலோட்டமாக வாசித்தால் நல்ல சோதனைதான்: "இந்த இரண்டு தெரிவுகளையும் சேர்த்துக் கேட்பவரின் பயனர் இலக்கம் 0 ஆக இருந்தால், பிழை என்று திருப்பி அனுப்பு." லினக்ஸில் 0 என்பது சகல அதிகாரமும் உள்ள நிர்வாகியின் இலக்கம்.

ஆனால் சி மொழியில் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு சமன் குறிகள் வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் பெறுமதியே மாறிவிடும். அந்த வரியில் இருந்தது ஒன்றுதான். ஆகவே அது "நீ 0வா?" என்று கேட்கவில்லை, "நீ 0 ஆகு" என்றது. அந்தத் தெரிவுகளுடன் அழைக்கும் எவரும் அந்தக் கணமே நிர்வாகி ஆகிவிடுவார். பிழைச் செய்திகூட வராது.

மாற்றம் உடனே அகற்றப்பட்டது. மூலப் பிரதிக்குச் சேதமில்லை. செய்தவர் யார் என்பது இன்றுவரை பகிரங்கமாகத் தெரியாது.

இதைப் படித்தபோது நம் ஹதீஸ் கலைதான் நினைவுக்கு வந்தது. நமது இமாம்கள் செய்தியின் வாசகத்தோடு நின்றுவிடவில்லை; யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற ஸனதையும் தேடினார்கள். அந்த இரண்டு வரிகளின் வாசகம் பார்வைக்கு அழகாகவே இருந்தது. காட்டிக்கொடுத்தது, ஸனது இல்லாமை.

2004இல், பதிப்புரிமைச் சர்ச்சை ஒன்றின் பின்னர், மாற்றத்தை அனுப்புபவரும் அதைக் கைமாற்றுபவரும் தம் பெயரைப் பதியும் வழக்கம் லினக்ஸில் வந்தது. 2005இல் டோர்வால்ட்ஸ் கிட் என்ற முறையை எழுதினார். அதில் ஒவ்வொரு மாற்றத்தின் அடையாள எண்ணும் அதன் உள்ளடக்கத்திலிருந்தும் முந்திய மாற்றத்தின் எண்ணிலிருந்தும் கணிக்கப்படுகிறது. ஓர் எழுத்தை மாற்றினாலும் எண் மாறிவிடும்.

"அவசர எச்சரிக்கை, எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று நம் வட்ஸ்அப் குழுக்களுக்கு வருவதும் பாதுகாப்பு என்ற உடையில்தான். அடுத்த முறை பகிர முன், யாரிடமிருந்து வந்தது என்று ஒருதரம் கேட்போம்.