மனநல டாக்டர் இனி ஊர் தேடி வருவாரா?

"எனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு, அந்த டாக்டர்கிட்ட போக?"

மனநல மருத்துவர் என்றாலே நம் வீடுகளில் முதலில் வந்து விழும் கேள்வி இது. மனசு மாறி, 'சரி, போகலாம்' என்றாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கும். பக்கத்துல டாக்டர் இருக்காரா?

2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடந்தது. நோயின் வகையைப் பொறுத்து, பாதிக்கப்பட்டவர்களில் 70 முதல் 92 சதவிகிதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றது அது.

சிகிச்சை கிடைக்காத குடும்பம் எங்கே போகும்? 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் காப்பகம் ஒன்று தீப்பிடித்ததில் 28 பேர் கருகி இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அங்கே கொண்டுபோய் விட்ட சொந்தக்காரர்களைத் திட்டுவது சுலபம். ஊரிலேயே டாக்டரும் மாத்திரையும் இருந்திருந்தால், எத்தனை பேர் அங்கே போயிருப்பார்கள்?

இந்தக் கேள்விக்கு ஒரு பஸ் பதில் சொன்னது. சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பு 2010-ல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு அனுப்பிய பஸ் அது. உள்ளே ஒரு திரை; திரையில், சென்னையில் இருக்கும் டாக்டர். பேசி முடித்ததும் அதே பஸ்ஸில் மாத்திரை, இலவசமாக. இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். பஸ் கூலியும் ஒருநாள் சம்பளமும் போகும் என்று பயந்தே மாத்திரையைப் பாதியில் விடுபவர்கள் உண்டு.

சட்டமும் மாறியிருக்கிறது. 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. உடல்நோய்க்குப் போலவே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தரச் சொல்கிறது. எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையும் இப்போது நமக்கு உண்டு.

செயற்கை நுண்ணறிவு வந்தாச்சே, இனி டாக்டர் எதுக்கு என்கிறார்கள் சிலர். ராத்திரி 2 மணிக்கு சாட்பாட் சலிக்காமல் பேசும்தான். ஆனால், தைராய்டு குறைந்தாலும் மனச்சோர்வு வரும். ரத்தப் பரிசோதனைக்கு ஒரு மனுஷர்தானே அனுப்ப வேண்டும்?

இப்போதைக்குக் கைக்கு எட்டுவது போன்தான். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார்; தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் என்றால், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.