ஊரை அளந்த கோல்கள்



ஒரு நாட்டில் ஊர்கள் பெருத்துக்கொண்டே போக, ஏட்டில் மட்டும் நகரம் சிறுத்துக்கொண்டே வருமாயின் அதனை என்னென்பது? இலங்கையில் அவ்விந்தை நிகழ்ந்தது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நம் மக்களுள் நூற்றுக்கு 21.5 பேர் நகரவாசிகள். 2012இல் அத்தொகை 18.2 ஆகக் குறைந்தது. மக்கள் நகரங்களை விட்டு வயல்வெளிகளுக்குத் திரும்பினார்களா என்றால், அதுவன்று. முன்னர் மாநகர சபை, நகர சபை, பட்டினசபை ஆகியவற்றின் எல்லைக்குள் வாழ்ந்தோர் நகரவாசிகள் எனப்பட்டனர். 1980களில் பட்டினசபைகள் மறைந்தன. அவற்றின் நிலப்பரப்பு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தாற் பிறந்த பிரதேச சபைகளுட் கலந்தது. பிரதேச சபையின் கீழ் வரும் நிலமோ, தோட்டப்புறம் நீங்கலாக, கிராமம் என்றே கணக்கில் ஏறியது. ஆகவே, ஒரு வீடும் பெயராமல், ஒரு கடையும் மூடாமல், பல பட்டினங்கள் கிராமங்களாயின.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் பிரதான வீதியாற் செல்வோர் இதனைக் கண்ணாரக் காணலாம். சாய்ந்தமருது வரை நகரம். அடுத்துள்ள காரைதீவு கிராமம். நிந்தவூர், ஒலுவில், எமது பாலமுனை, அட்டாளைச்சேனை யாவும் கிராமம். அக்கரைப்பற்றில் மீண்டும் நகரம். 2012ஆம் ஆண்டுக் கணக்கு அவ்வாறே கூறிற்று. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளையுடைய ஓர் ஊர், சபையின் பெயரால் மட்டும் கிராமமாகிவிடுமா? இந்தியாவில் 1961ஆம் ஆண்டு முதல் வேறொரு வழக்கமும் உண்டு. சபை எதுவாயினும், 5,000 மக்கள், சதுர மைலுக்கு 1,000 பேர் என்ற நெருக்கம், உழைக்கும் ஆடவருள் நூற்றுக்கு 75 பேர் வேளாண்மையல்லாத தொழிலினர் என்ற மூன்றும் பொருந்தினால் அது பட்டினம் எனப்படும். குறையற்ற அளவு அன்றெனினும், அது ஊரைப் பார்த்து அளப்பது; பெயர்ப்பலகையைப் பார்த்தன்று.

ஊரைப் பார்த்த பின்னரே திட்டம் என்பதை நம் பக்கத்துக்குக் கொண்டுவந்தவருள் முதன்மையானவர் ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ். 1914இல் அவர் இந்தியாவுக்கு அனுப்பிய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை, கப்பலோடு கடலில் அமிழ்த்தியது ஜெர்மானியரின் ‘எம்டன்’. (‘அவன் பெரிய எம்டன்’ என்று நாம் பேச்சிற் சொல்வதும் அக்கப்பலின் பெயரையே.) கெடிஸ் சோர்ந்தாரல்லர், புதிய படங்களைத் திரட்டி 1915இல் சென்னையிற் காட்சி வைத்தார். தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களின் தெருக்களைக் காலால் நடந்து ஆராய்ந்தார். குடியிருப்புகளை இடித்து நேரிய அகல் வீதி வெட்டுவதே சீர்திருத்தம் என்றிருந்த அதிகாரிகளுக்கு, நோயை அறியாமல் மருந்திடல் ஆகாது என்று எடுத்துரைத்தார். 1921இல் கொழும்புக்கும் அறிக்கை எழுதித் தந்தார். எமது கரைக்கு அவர் வந்தாரல்லர்.

வந்திருப்பின் எதனைக் கண்டிருப்பார்? எம்மிடையே பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது பெற்றோர் கடன். தாயின் வளவைப் பிரித்து மூத்த மகளுக்கு ஒரு வீடு, அடுத்தவளுக்கு ஒரு வீடு. அவரவர் பெண்மக்களுக்காக அந்தத் துண்டும் மறுபடி பிளவுபடும். கிழக்கே கடல்; மேற்கே வயல். வயலை மூடி வீடு கட்டுவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் எளிதில் இடந்தராது. சோற்றுக்கு நெல் வேண்டுமாதலின் அச்சட்டத்தை நான் குறை சொல்லேன். எமது நெருக்கத்தின் வேர் இந்த வளவுப் பிரிவினையே. அதை எந்தச் சபையின் பெயரும் காட்டாது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்டிலேயே மிகுதியான உயிரிழப்பு இங்கேதான். மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் பட்டது எவர்க்கும் மறவாது. அதன் பின்னர் அரசு ஒரு கோலை நீட்டிற்று: தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், கிழக்கில் 200 மீற்றர், அதற்குட் குடியிருப்பு எழலாகாது என்று. உயிரைக் காக்கும் எண்ணம் நல்லது. ஆயினும் கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒரு நாடாப்போற் கிடக்கும் ஊரில் 200 மீற்றரை நீக்கினால் எஞ்சுவது எவ்வளவு என்பதையும், நீங்கியவர் எங்கே போவர் என்பதையும் முன்னரே அளந்திருக்க வேண்டாவா? அந்த எல்லை பின்னர் தளர்த்தப்பட்டது. அதற்குள் பல குடும்பங்கள் கூடாரங்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் நாட்களைக் கழித்துவிட்டன. மாற்று வீடு வழங்கியபோதும் குடும்பத் தலைவர் என்று ஆடவரின் பெயரையே பதியும் வழக்கம் மேலோங்கிற்று. கடல் கொண்ட வீடுகளோ பெரும்பாலும் பெண்களின் சீதன வீடுகள்.

இப்பொழுது உலகம் ‘திறன் நகரம்’, ‘நிலைபேறான நகரம்’ என்று பேசுகிறது. 2020இல் ஐக்கிய நாடுகளின் புள்ளிவிபர ஆணைக்குழு ஏற்ற முறையொன்று, சபை எல்லைகளை ஒதுக்கி, நிலத்தை ஒரு சதுரக் கிலோமீற்றர் கட்டங்களாக வகுக்கிறது. 1,500 பேர் வாழும் கட்டங்கள் அடுத்தடுத்துச் சேர்ந்து 50,000 மக்களைக் கொண்டால் அது நகரம். 300 பேர் வாழும் கட்டங்கள் சேர்ந்து 5,000 பேரைக் கொண்டால் சிறுபட்டினமேனும் ஆகும். இக்கோலை எமது கரையில் வைத்தால் காரைதீவு எல்லையில் நகரம் அறுந்து போகாது. கரை நெடுகத் தொடர்ந்து செல்லும். வடிகால், குப்பை, குடிநீர் ஆகியவற்றை ஊருக்கு ஊர் தனித்தனியே எண்ணாமல், ஒரே பட்டினத்தின் தேவையாக எண்ணவும் அப்போது வழி பிறக்கும். ஆனால், ஒரு வளவில் எத்தனை சீதன வீடுகள், உறுதி யார் பெயரில், அடுத்த மகளுக்கு நிலம் எங்கே என்பவற்றை அக்கட்டங்கள் சொல்லமாட்டா. அவற்றை அறிய, கெடிஸ் செய்ததுபோல் ஒருவர் தெருவில் இறங்கிப் படலையைத் தட்டிக் கேட்கவேண்டும்.