சாவியில்லாப் பூட்டுகள்: முத்துக்குளித்துறையிலிருந்து ஒரு பார்வை

பூட்டு என்றதும் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வரும் ஊர் திண்டுக்கல். 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அப்பூட்டின் பெருமை அதன் நெம்புகோல்களிலும் சாவியின் பற்களிலும் இருக்கிறது. சாவியே இல்லாத பூட்டுகளும் உண்டு. அலுவலகக் கதவுகளில் நாம் காணும் பொத்தான் பூட்டு அத்தகையது. மின்சாரமோ மின்கலமோ அதற்குத் தேவையில்லை. உரிய பொத்தான்களை உரிய முறையில் அழுத்தினால் உள்ளிருக்கும் தகடுகள் ஒழுங்குக்கு வந்து தாழ் விலகும். அதன் சாவி, அறிந்தவர் மனத்தில் இருக்கும் ஒரு செய்தி மட்டுமே.

இக்கருத்து புதியதன்று. 1206ஆம் ஆண்டளவில் அல்-ஜசாரி என்னும் பொறியியலாளர் எழுத்துகளைச் சுழற்றிச் சேர்த்துத் திறக்கும் பூட்டொன்றைத் தம் நூலில் விவரித்திருக்கிறார். ஆனால் கதவும் சுவரும் இல்லாத ஓர் இடத்தைப் பூட்ட வேண்டியிருந்தால் என்ன செய்வது? தூத்துக்குடிக் கரையை ஆண்டவர்கள் அனைவரும் எதிர்கொண்ட கேள்வி இது. முத்துச் சிப்பிகள் கிடந்த பார்கள் கரையிலிருந்து பல மைல் தொலைவில், திறந்த கடலின் அடியில் இருந்தன. அங்கே விளைந்த பொருளோ வாய்க்குள் அடக்கிக்கொள்ளும் அளவே ஆனது.

கொற்கையில் குற்றத் தண்டனை பெற்றவர்கள் முத்துக்குளித்தனர் என்று கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ் கூறுகிறது. பொருளைப் பூட்ட இயலாதபோது அதை எடுப்பவனைப் பூட்டுவதே முதல் வழியாக இருந்தது போலும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ காட்டும் பூட்டு இன்னும் வியப்புக்குரியது. சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுபவர்களுக்குக் கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுத்தனர். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. பகலில் கட்டிய மந்திரத்தை அந்தியில் அவிழ்த்துவிடுவர். அவர் நூலின் ரமூசியோ பதிப்பு இதற்குக் காரணமும் சொல்கிறது: இரவில் திருட்டுத்தனமாக மூழ்க நினைப்பவர்களைச் சுறாவைப் பற்றிய அச்சம் தடுக்கும். மந்திரம் சுறாவைக் கட்டியதா என்பது வேறு கேள்வி. அது மனிதனைக் கட்டியது என்பதில் ஐயமில்லை. ஒரு சிலர் மட்டுமே அறிந்த சொல், காலையில் திறந்து மாலையில் மூடும் கடல்: பொத்தான் பூட்டின் இலக்கணம் முழுவதும் இதில் இருக்கிறது. கடல்கட்டி என்று அழைக்கப்பட்ட இம்மந்திரக்காரரை ஆங்கிலேய அரசும் ஊதியம் கொடுத்து வைத்திருந்ததை எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியான தம் இலங்கை நூலில் குறித்திருக்கிறார். அம்மந்திரத்தில் அரசுக்கு நம்பிக்கை இருக்க வேண்டியதில்லை. குளியாளுக்கு இருந்தால் போதும்.

இரகசியத்தை நம்பிய பூட்டுகளின் வலிமையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பரவலாகப் பயன்பட்ட ஐந்து பொத்தான் இயந்திரப் பூட்டில் ஒரு பொத்தானை ஒருமுறைதான் பயன்படுத்தலாம்; ஒன்றன்பின் ஒன்றாகவோ இரண்டு மூன்றைச் சேர்த்தோ அழுத்தலாம். எதையும் அழுத்தாத நிலையையும் சேர்த்து மொத்தம் 1082 சேர்க்கைகள். பெரிய எண்ணாகத் தோன்றும் இது, நெடுநாள் ஒரே சேர்க்கையை வைத்திருந்தால் சுருங்கிவிடுகிறது. விரல்பட்டுத் தேய்ந்த பொத்தான்கள் மூன்று என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் எஞ்சுபவை 13 மட்டுமே. அழுத்தும் வரிசையைப் பொருட்படுத்தாத பூட்டு வகையில் நிலைமை இன்னும் மோசம். பத்துப் பொத்தான்களில் நான்கைத் தேர்ந்தால் 210 சேர்க்கைகள்; தேய்ந்த நான்கும் தெரிந்துவிட்டால் ஒன்றே ஒன்று. பூட்டைக் காட்டிக்கொடுப்பவன் பெரும்பாலும் அதைத் தினமும் திறக்கும் உரிமையாளனே.

கடலிலும் இதுவே நடந்தது. திருட்டு வெளியிலிருந்து வரவில்லை. அன்றாடம் கையாண்டவர்களின் விரலிடுக்கில் நடந்தது. எனவே சந்தேகம் குளியாளின் உடல்மீது விழுந்தது. முத்தை விழுங்கியதாக ஐயப்பட்டவர்களுக்கு வாந்தி மருந்தும் பேதி மருந்தும் கொடுக்கப்பட்டதை இராபர்ட் பெர்சிவல் 1803இல் வெளியான நூலில் பதிவு செய்திருக்கிறார். பெரிப்ளூஸின் கைதி வேறு உருவில் திரும்பி வந்தான் எனலாம். கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கிப் பல பாகம் ஆழம் இறங்கியவன், கரையேறியதும் தன் குடலுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அதே மன்னார்க் கடலில், அதே ஆட்சியில், இதற்கு நேர் எதிரான ஒரு பூட்டும் இருந்தது. படகுகள் கரை சேர்ந்ததும் சிப்பிகளைக் கொட்டு எனப்படும் வேலியிட்ட அடைப்புக்குள் கொண்டுவருவர். படகினரே அவற்றை மூன்று சமக் குவியல்களாகப் பிரிக்க வேண்டும். அரசுக்குரிய இரண்டு குவியல்களை அதிகாரி தேர்ந்தெடுப்பார். எஞ்சிய ஒன்று படகினருக்கு. பிரிப்பவன் ஒருவன், தேர்பவன் இன்னொருவன். குவியல்களில் ஏற்றத்தாழ்வு செய்தால் நட்டம் பிரித்தவனுக்கே. இதில் மறைக்க வேண்டிய எண்ணோ மந்திரமோ இல்லை. முறை முழுவதும் ஊரறிய நடந்தது. ஊரறிந்ததாலேயே அதை உடைக்க முடியவில்லை. சிப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதை இரு தரப்பும் அறியாததும் இதற்குத் துணை நின்றது.

தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்புகள் 1955க்கும் 1961க்கும் இடையே நடந்தன. பார்கள் வெறுமையான பிறகு எந்தப் பூட்டும் தேவைப்படவில்லை. 1974இல் பெருந்துறைமுகமாக எழுந்து, 2011 முதல் வ.உ.சி.யின் பெயர் தாங்கும் அதே கரையின் துறைமுகத்தில் இன்று சரக்குப் பெட்டகங்கள் எண் பொறித்த முத்திரையோடு கிடக்கின்றன. உரிய கருவியால் அம்முத்திரையை வெட்டிவிடலாம். வெட்டியதை மறைப்பதுதான் கடினம். தடுப்பதைவிடச் சாட்சி சொல்வதே அதன் முதன்மையான பணி. இதுவும் கொட்டின் வழிவந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

இயந்திரப் பொத்தான் பூட்டைத் தயாரித்த முன்னணி நிறுவனமொன்றின் பூட்டுகள் வலிய காந்தத்தால் திறக்கப்படுகின்றன என்று 2010இல் அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகளில் ஒன்றைக்கூட அறியவேண்டிய தேவை அங்கே எழவில்லை. இரகசியத்தை நம்பிய பூட்டு, இரகசியத்தைத் தொடாமலே திறக்கப்படக்கூடும். கைதி, மந்திரம், பேதி மருந்து, குவியல் என்று நம் கரை கண்டவற்றுள், காக்கப்பட்ட பொருளோடு காப்பவனின் மானத்தையும் காத்தது குவியல் ஒன்றுதான்.